கூட வந்தவர் பெயர்

பஸ் நிலையத்தில் அவளை எல்லோரும் குடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். மூன்றாம் நடைமேடைக்குப் பின்புறம், டிக்கெட் கவுண்டரை ஒட்டி, தவறவிட்ட பொருட்கள் அறை. இருபத்து மூன்று வருடமாக அதற்கு அவள்தான் காவல். மனிதர்கள் பஸ்ஸில் எதையெல்லாம் மறந்துவிட்டு இறங்குவார்கள் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். ஒற்றைச் செருப்பு, பல் செட்டு, எக்ஸ்ரே, பள்ளிக்கூடப் பை, ஒருமுறை ஒரு மாமியார். மாமியாரை அன்று மாலையே வந்து கூட்டிப்போனார்கள், அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான். மற்றதெல்லாம் குடை. மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு முப்பது குடை வரும், முப்பதும் கறுப்பு.

"என் குடைங்க, கறுப்புக் குடை" என்று யாராவது வந்து நின்றால், உலகத்தில் பாதிக் குடை கறுப்புதான், கைப்பிடியில் என்ன அடையாளம் என்று கேட்பாள். அடையாளம் சொல்லாமல் அவள் கையிலிருந்து ஒரு குண்டூசிகூட வெளியே போகாது. பதிவேட்டில் மூன்று கட்டம்: பொருள் யாருடையது, வாங்குவது யார், என்ன உறவு. கணவன் பையை வாங்க மனைவி வந்தாலும் கணவன் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். ஒரு டிரைவர் தன் தம்பியின் சாப்பாட்டுப் பாத்திரத்துக்காக அரை மணி நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, நீ மனுஷியா கல்லா என்றார். கல்தான் என்று ஒப்புக்கொண்டாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லித் தருவது ஒரே ஒரு பாடம். ஒருவர் பொருளை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், அதன் பிறகு அது தொலைந்த பொருள் இல்லை, திருட்டுப்போன பொருள். கொடுத்தவளும் திருடிதான்.

இப்படிப்பட்டவளைத்தான் அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்க வந்தார். அண்ணன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் மெச்சிய மனிதர். நாலு வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைப்பவர், அந்த நாலு வீட்டிலும் ஏதாவது ஒரு பெண் வாயை மூடிக்கொண்டதால்தான் சண்டை தீர்ந்தது என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் பேசுகிற மாதிரியே நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கவுண்டருக்கு வெளியே நின்றபடி, மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது என்றார்.

"எந்த மாப்பிள்ளைக்கு?"

"உனக்கு எத்தனை பேரு?"

குடையக்கா விட்டு வந்த கணவனைத்தான் சொல்கிறார். இருபத்து மூன்று வருடமாக அந்த ஆளைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை. பேச்சு வந்தாலும் "அந்த ஆள்" என்பதோடு சரி. அண்ணன் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் இனி வைத்துக்கொள்ள மாட்டார்கள். இத்தனை நாள் சமைத்துப் போட்ட அவன் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேச்சு இல்லை, வலது கை, வலது கால் அசையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் கூட்டிவந்து விடுவதாக அவர் ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். அவள் வீட்டு முன் அறை காலியாகத்தானே இருக்கிறது.

"என்னைக் கேக்காம எப்படி ஒத்துக்கிட்டீங்க?"

"கேக்க என்ன இருக்கு? சட்டப்படி நீதான இன்னும் அவன் பொண்டாட்டி. நாளைக்கு ஊர் காறித் துப்பும்."

அவளுடைய இடது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. சட்டப்படி பொண்டாட்டியாக இருந்த மூன்று வருடத்தில் வந்த சொத்து அது ஒன்றுதான். கதவு நிலையில் அவள் கையை வைத்து அந்த ஆள் கதவைச் சாத்தினான், ஒருமுறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை தெரியாமல் பட்டுவிட்டது என்று அவளே கூட நினைத்திருப்பாள். அந்த இரண்டாவது முறைதான் அவளை வீட்டைவிட்டுக் கிளப்பியது. இப்போது அந்தக் கதவுக்காரனுக்கு அவள் கஞ்சி காய்ச்சி ஊற்றி, மலம் அள்ளிப் போட வேண்டுமாம். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், நீங்கள் போங்கள் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னாள்.

அந்தப் பழைய வழக்கைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கையில் கட்டோடு அவள் வந்து நின்றபோது கோர்ட்டுக்குக் கூட்டிப் போனது அண்ணன்தான். அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை. நாலு மணி நேரப் பயணம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், அங்கேதான் அந்த ஆளின் வட்டாரத்துக்கான கோர்ட். மூன்று வாய்தாவுக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். அந்த ஆள் ஒன்றுக்கும் வரவில்லை. நாலாவது வாய்தா வருவதற்குள் அவளுக்குப் பஸ் நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. புது வேலை, லீவு கேட்காதே, நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அண்ணன். போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். ஜட்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை, தனியாக இருப்பதானால் இருந்துகொள், பிரித்தெல்லாம் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார் என்றார். ஒரு மாணவனுக்கு அரை மதிப்பெண் கூட்டிப் போடாத மனிதர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? நம்பினாள். மூன்றே முறை பார்த்த அந்த ஜட்ஜை மட்டும் இருபத்து மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அவருக்கு எத்தனை முறை புரையேறியதோ.

தனியாக இருப்பதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது பொய். பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிற ஒருவர் இருந்தார். பேச்சு குறைவு, கை பெரிசு. வாரத்துக்கு ஒருமுறை அவருடைய இடது கை உறை எப்படியோ ஏதாவது ஒரு பஸ்ஸில் தவறிவிடும். கண்டக்டர்கள் சிரித்துக்கொண்டே அதை அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். மறுநாள் அவர் வந்து வரிசையில் நின்று, கட்டைவிரலில் ஒட்டுப் போட்டது என்று அடையாளம் சொல்லி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார். ஒரு வருடம் இப்படி நடந்த பிறகு ஒரு நாள், "உறைக்காக வரலீங்க" என்றார். அது அவளுக்கு ஆறு மாதம் முன்பே தெரியும்.

விவாகரத்துப் பேப்பர் இல்லையே என்றாள். காத்திருக்கிறேன் என்றார். அவள் அண்ணனிடம் போய், மறுபடி மனுப் போட முடியுமா என்று கேட்டாள். ஒரு தடவை இல்லை என்றால் இல்லைதான், மறுபடி போய் மானத்தை வாங்காதே என்றார். அடுத்த வருடமும் கேட்டாள், அதே பதில். கிணற்றில் போட்ட கல்தான். நாலு வருடம் அந்த மனிதர் காத்திருந்தார். பிறகு வேறு டெப்போவுக்கு மாற்றல் வந்தது, போனார். கல்யாணம் ஆகி, இப்போது வளர்ந்த பிள்ளைகளும் இருப்பதாகக் கேள்வி. கடைசியாகத் தவறிய உறையை அவர் வாங்க வரவில்லை. தொண்ணூறு நாளில் யாரும் வராத பொருளைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. இருபத்து மூன்று வருட வேலையில் அவள் மீறிய விதி அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். வழக்கு எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து தொடர முடிந்தால் தொடர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும்போது, வழக்கு நடக்கிறது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது கையில் இருக்க வேண்டும். அவள் எதிர்பார்த்ததெல்லாம் அவ்வளவுதான்.

கோர்ட் கட்டடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள், மற்றபடி மாறவில்லை. வாசலில் மடக்கு மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே நீள வராண்டாவின் கடைசியில் ரெக்கார்டு ரூம். கம்பி வைத்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம், முப்பது வயசு இருக்கும், ஒரு பெண் கிளார்க், பழைய காகிதத் தூசியில் தும்மிக்கொண்டே இருந்தாள். விவாகரத்து வழக்குக் கட்டைப் பார்க்க வேண்டும், நகல் வேண்டும் என்றதும் ஒரு படிவத்தை நீட்டினாள். முதல் கட்டமே வழக்கு எண்.

நம்பர் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றாள் குடையக்கா. நம்பர் இல்லாமல் தேட முடியாது என்றாள் கிளார்க். தேடாமல் நம்பர் எப்படித் தெரியும்? நம்பரைச் சொன்னால் தேடலாம். இப்படியே இரண்டு சுற்று வந்தார்கள். மூன்றாவது சுற்றில் குடையக்காவின் குரல் வராண்டா முழுக்கக் கேட்டது. மனு எழுதுபவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

கடைசியில் வருடத்தையும் பெயர்களையும் வாங்கிக்கொண்டு கிளார்க் உள்ளே போனாள். முக்கால் மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் தூசியோடு திரும்பி வந்தாள். அவள் பெயரில் இல்லை, அந்த ஆள் பெயரிலும் இல்லை. முன் வருடம், பின் வருடமும் பார்த்தாயிற்றாம். அதற்குள் மணி ஒன்று. ஜன்னலைச் சாத்தினார்கள். குடையக்கா ரொட்டி ஒன்றை வாங்கி வந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, அதை மெல்லுகிற வேகத்திலேயே பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு ஜன்னல் திறந்தது. கிளார்க் நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னாள்.

"அக்கா, அப்படி ஒரு ரெக்கார்டு இல்லன்னு எழுதி சீல் வெச்சுத் தரேன். எங்க கேட்டாலும் அத காட்டலாம்."

வழக்கே இல்லை என்று சீல் வைத்த காகிதம். அண்ணனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அவளே நாலு மணி நேரம் பயணம் செய்து வந்து, அந்த ஆளைத் தன் தலையில் கட்ட ஆதாரம் வாங்கிக்கொண்டு போவாள். மூன்று முறை இதே வராண்டாவில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவள் அவள். இந்தப் பெஞ்ச் அல்ல, இதற்கு முந்தின பெஞ்ச். அவள் வந்தது பொய்யா, கை உடைந்தது பொய்யா?

"இல்லன்னு எழுதறதுக்கு முன்னாடி, எங்கெங்க தேடினேன்னு சொல்லும்மா. நானும் இதே வேலைதான் பாக்கறேன். எடுத்து வெச்ச பொருள் காணாமப் போகாது. வேற இடத்துல வெச்சிருப்பாங்க. வெச்ச ஆளோட புத்தி எப்படின்னு தெரிஞ்சா, இடம் தெரிஞ்சிடும்."

கிளார்க் ஒரு தும்மல் போட்டுவிட்டு அவளையே பார்த்தாள். விதிப்படி பதிவேட்டை வெளியே தர முடியாது. ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விரித்து வைத்து இவள் பக்கம் திருப்பிப் புரட்டினால், இந்தப் பக்கம் நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புரட்டினாள். எழுத்து வரிசைப்படி பெயர்கள் எழுதிய பெரிய புத்தகம். அந்தக் காலத்து ஹெட் கிளார்க் ஒருவர் பதினொரு வருடம் தானே எழுதியது. சிவப்பு மையில் கோடு, நீல மையில் எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. அப்படிப்பட்ட கையெழுத்தைக் கிளார்க் இரண்டு விரலால் தொட்டுக் காட்டினாள்.

குடையக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நிலத் தகராறு, வாடகைத் தகராறு, வரப்புத் தகராறு. விவாகரத்து என்று எழுதிய வரிகளுக்கு வரும்போதெல்லாம் விரலை வைத்து நிறுத்தச் சொன்னாள். பத்து வரி பார்த்தாள், இருபது பார்த்தாள். முப்பதாவது வரியில் அவளுக்கு உறைத்தது.

"ஏம்மா, பதினோரு வருஷத்துல இந்த வட்டாரத்துல ஒரு பொம்பளைகூட விவாகரத்து கேட்டதில்லையா?"

கிளார்க் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வேகமாகப் புரட்டினாள். வாடகை வழக்கில் பெண் பெயர் இருந்தது, நில வழக்கில் இருந்தது. விவாகரத்தில் மட்டும் ஒரு பெண் பெயர்கூட இல்லை, எல்லாம் ஆண் பெயர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில், சிவப்பு மையில், பொடி எழுத்தில், தகப்பன் என்றோ மாமன் என்றோ இருந்தது. கிளார்க் இத்தனை நாள் அதை ஏதோ குறிப்பு என்று நினைத்திருக்கிறாள். மனுவின் முதல் பக்கத்தில், மனுதாரருடன் வந்தவர் என்று ஒரு வரி உண்டு. அந்த ஹெட் கிளார்க் பெண்கள் போட்ட விவாகரத்து வழக்குகளையெல்லாம் அந்த வரியில் இருந்த ஆளின் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார். ஒரு பெண் தன் பெயரில் விவாகரத்துக் கேட்டாள் என்று புத்தகத்தில் எழுத அந்த அழகான கைக்கு மனம் வரவில்லை போலும். பதினொரு வருடம். எத்தனை பேர் இந்த ஜன்னலுக்கு வந்து, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, இல்லை என்றே நம்பித் திரும்பிப் போனார்களோ! குடையக்காவுக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் புத்தகம் தப்பித்தது.

"உங்ககூட யாருக்கா வந்தது?"

அண்ணன் பெயரைச் சொன்னாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் பெயர், பக்கத்தில் சிவப்பில் அண்ணன், வழக்கு எண். கிளார்க் உள்ளே ஓடிப்போய், நாடா கட்டிய ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நின்றபடியே அவிழ்த்தாள். மேலாகவே இருந்தது. ஒன்றரைப் பக்கத் தீர்ப்பு. எதிர்மனுதாரர் அழைப்பாணை கிடைத்தும் வரவில்லை. மனுதாரரின் காயத்துக்கு மருத்துவச் சான்று உள்ளது. அவரை மறுபடி அந்த வீட்டுக்கு அனுப்புவது நியாயம் ஆகாது. இன்று முதல் இந்தத் திருமணம் முடிவுக்கு வருகிறது. கீழே தேதி. அவள் புது வேலைக்கு லீவு போடாமல் போன அந்த நாலாவது வாய்தாவின் தேதி.

குடையக்கா மூன்று முறை படித்தாள். காயம் என்று எழுதிய இடத்தில் எந்தக் கை, எந்த எலும்பு என்றுகூட அந்த ஜட்ஜ் எழுதியிருந்தார். இருபத்து மூன்று வருடம் அவரைத் திட்டியிருக்கிறாளே. மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"அப்போ எனக்கு ஏன் யாரும் பேப்பர் தரல?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டாள். கிளார்க் நகல் கொடுத்த பதிவேட்டை எடுத்து வந்தாள். தீர்ப்பு வந்த அன்றே ஒரு நகல் போயிருந்தது. யாருடையது, வாங்கியவர் யார், என்ன உறவு. அவளுடைய பதிவேட்டில் இருக்கிற அதே மூன்று கட்டம். வாங்கியவர் கட்டத்தில் அண்ணன் கையெழுத்து, பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் போடுவாரே, அதே மாதிரி, அடியில் இரண்டு கோடு. உறவு, அண்ணன். சீட்டுக் கிடையாது, அவள் கையெழுத்துக் கிடையாது. கூட வந்த ஆம்பிளை கையில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அதை அவள் எத்தனையோ முறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். அன்று அந்தப் பேச்சில் வேடிக்கை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பதும் பொய். முடியும். சோறு போடுகிறவர் ஊர் மெச்சிய மனிதராக இருந்தால், இருபத்து மூன்று வருடம் மறைக்க முடியும். வராண்டாவில் நின்றபடி அவள் நினைத்துக்கொண்டது அந்த ஆளைக்கூட அல்ல, கட்டைவிரலில் ஒட்டுப் போட்ட ஒரு உறையை. அவர் முதல் முறை கேட்ட நாளிலேயே அவள் யாருடைய மனைவியும் இல்லை. அந்த நாலு வருடத்தில் ஒவ்வொரு நாளும் இல்லை. அழுகை வரும் என்று கிளார்க் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அழுகை வரவில்லை. கோபம் மட்டும் வந்தது, அது தண்ணீருக்கு அடங்குகிற கோபம் இல்லை.

பழைய கட்டிலிருந்து நகல் கிடைக்கப் பதினைந்து நாள் ஆகும் என்பது வழக்கம். கிளார்க் தானே ஜெராக்ஸ் எடுத்து, தானே மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினாள். அதிகாரி ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டாராம். இருபத்து மூணு வருஷ அவசரம் சார் என்றாளாம். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதிவேட்டை நீட்டினாள். யாருடையது என்ற இடத்தில் குடையக்கா தன் முழுப் பெயரை எழுதினாள். வாங்குபவர் என்ற இடத்தில் அதே பெயர். உறவு என்ற இடத்தில் நானே என்று எழுதினாள். அண்ணன் வாங்கிப்போன அந்தப் பழைய பக்கத்தையும் ஒரு நகல் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. அச்சுக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு அவளுடையது, தெருவிலிருந்து நேரே முன் அறைக்கு வரலாம். அண்ணன் முன் சீட்டிலிருந்து இறங்கினார். டிரைவர் பின் கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுக்கப்போனார். அவள் வாசலில் நின்றாள், நகரவில்லை. நகர்ந்து வழிவிடும்மா என்றார் அண்ணன். அவள் காகிதத்தை நீட்டினாள்.

கணக்கு வாத்தியார் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். ஒன்றரைப் பக்கம் படிக்க அவருக்கு இத்தனை நேரம் ஆகாது. இது எங்கே கிடைத்தது என்றோ, இது என்ன என்றோ அவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார். நம் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை, கோபம் ஆறினால் நீ திரும்பிப் போவாய் என்று நினைத்தேன் என்றார்.

"அந்தப் பேப்பர் எங்க?"

"அலமாரியில. பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்."

பத்திரமாக வைத்திருக்கிறாராம். குடையக்கா பிறந்ததிலிருந்து அண்ணனை நீங்க என்றுதான் பேசுவாள், கோபத்திலும்கூட. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது அவள் வாயில் வரவில்லை.

"நாலு வருஷம் ஒரு மனுஷன் காத்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டு தடவ உன்கிட்ட வந்து கேட்டேன். அப்பவும் அது அலமாரியிலதான் இருந்துச்சா?"

"டயர் மாத்தறவனுக்கா உன்னைக் குடுக்கறது?" என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் கை ஓங்கவில்லை. திரும்பாத மணிக்கட்டை மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். "கதவு வெச்சு என் கைய உடைச்சவன் ஆகலாம், கை உறையை மாட்டி வேலை செஞ்சவர் ஆகாது. அவன் என் கையத்தான் உடைச்சான். நீ பண்ணினதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும், என் ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு நான் தினமும் சொல்லிக்குடுக்கறதுதான். ஒருத்தர் பொருளை அவங்களுக்குத் தெரியாம வாங்கிட்டுப் போறதுக்குப் பேரு திருட்டு."

தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஆள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணி, ஏதோ சத்தம் வந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை, வராததற்கு வருத்தமும் வரவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து டிரைவரிடம் கொடுத்து, குடிக்க வையுங்கள் என்றாள். தாகம் என்று யார் வந்தாலும் கொடுப்பது அது. டிரைவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பாதி கழுத்தில் வழிந்தது. பிறகு, அடுத்த சவாரி இருக்கிறது, ஆளை எங்கே இறக்குவது, யாராவது ஒருத்தர் சொல்லுங்கள் என்றார்.

குடையக்கா இரண்டாவது காகிதத்தை எடுத்தாள். பதிவேட்டின் பழைய பக்கம், இரண்டு கோடு போட்ட கையெழுத்து.

"கேஸ் இவர் பேர்லதான் பதிவாகியிருக்கு. பேப்பரையும் இவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார். யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டுல இறக்குங்க. அங்கயும் முன் அறை காலிதான், பையன் வேலைக்கு வெளியூர் போயிட்டான்" என்று சொல்லி, தெருப் பெயரும் வீட்டு எண்ணும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். டிரைவர் எழுதிக்கொண்டார்.

அண்ணிக்கு என்ன பதில் சொல்வது என்றார் அண்ணன். என்னைக் கேட்டா முடிவு செய்தீர்கள், அதே மாதிரி அண்ணியையும் கேட்காமலே கொண்டுபோய் இறக்குங்கள் என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது, மரியாதை திரும்பி வந்திருந்தது, வேறு எதுவும் திரும்பி வரவில்லை. டிரைவர் பின் கதவைச் சாத்தினார். அண்ணன் வண்டியில் ஏறாமல், தெருவில் நின்றபடி, ஊரில் நாலு பேருக்குத் தீர்ப்புச் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்தக் குரலில் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார்.

"நான் உன் அண்ணன்மா."

"தெரியும்" என்றாள் குடையக்கா. "அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வேன் கிளம்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.